அந்த நான்கு சக்கரங்கள் மறுபடி ஓடும்வரை

சலினாஸ், ஆகஸ்ட் 9

எவாரிஸ்டோவுக்கு எர்மினியா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் வானத்தை முந்திக்கொண்டு மழையைச் சொல்லிவிடுகிறது. புவேர்ட்டோ ரிக்கோவை விட்டு ஃப்ளோரிடா போனவர்களெல்லாம் சுகமாகத்தான் இருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். நீயும் இருப்பாய்.

பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தவள் ஏன் எழுதுகிறாள் என்று உனக்குச் சிரிப்பு வரும். சிரிக்காதே. ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவே கேட்க நான் சொன்னது எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை: "அந்த நாலு சக்கரமும் இந்தக் காருக்கு அடியில மறுபடி ஓடுற வரைக்கும் உங்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்." பேச்சு என்றுதான் சொன்னேன். எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு வருஷமாக நீ போன் செய்வதும், உன் குரல் கேட்டதும் நான் வைத்துவிடுவதும் அப்படியே நடக்கட்டும்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திப் படி. அம்மா போன பிறகு உன்னை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான்தான், அதற்காவது உதவட்டும்.

விஷயம் கார். என் மகன் நோயெலின் கார். அவன் காய்ச்சலில் போய், ஒன்பது நாள் ஜெபம் முடிந்த மாலை நீ சக்கரங்களைக் கழற்றிக்கொண்டு போனாய் அல்லவா, அந்தக் கார். சிமெண்டுக் கல் மேல் கோழி அடைந்துகொண்டு கிடந்ததை அவன் மகள் யாரிசெல் இறக்கிவிட்டாள். அப்பன் போனபோது பதின்மூன்று வயசு. இப்போது மருந்துக்கடையில் வேலை. சம்பளம் முழுவதும் அதில்தான். பழைய மஞ்சள் வர்ணத்தையே அடித்து, பொன்ஸேயில் ஒரு கடையில் புதுச் சக்கரம் போட்டிருக்கிறாள். பழையது பதினைந்து அங்குலம். இது பத்தொன்பது. வெள்ளித் தட்டு மாதிரி பளபளக்கிறது. பூசைக்குப் போகிற வழியில் பாதிரியாரே நின்று பார்த்துவிட்டு, பிரசங்கத்துக்குத் தாமதமாக வந்தார்.

அழகுக்குக் குறைவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பந்தயப் பாதையில் தோற்றுத் தோற்று வருகிறது. பின் கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் நோயெல் எழுதிய 13.9 அப்படியே இருக்கிறது. கால் மைலுக்கு அவன் எடுத்த விநாடி. ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படி எழுதுவார்கள், அழிப்பார்கள். அதை மட்டும் ஒருத்தரையும் துடைக்க விட்டதில்லை நான். இவளுக்கு 14.4க்குக் கீழே வரவில்லை.

போன வாரம் சொல்லிவிட்டாள்: "டிசம்பர் கடைசிப் பந்தயத்துக்குள்ள அப்பா நம்பர் பக்கத்துலயாவது வரணும் பாட்டி. வரலன்னா வித்துடறேன். இந்தக் காருக்கு என்னைப் பிடிக்கலன்னு எடுத்துக்கறேன்."

வாங்குவதற்குக் காகுவாஸில் ஒரு பல் டாக்டர் காத்திருக்கிறான். என் மகன் இந்த வீட்டில் விட்டுப்போனது அந்தச் சத்தம் ஒன்றுதான், எவாரிஸ்டோ. அது காகுவாஸுக்குப் போகக்கூடாது. நோயெல் அந்த நம்பரை ஓட்டியது உன் கையால் போட்ட பழைய சக்கரத்தில். யாருக்கு விற்றாய் என்று பெயரைச் சொல். நான் போய்க் கேட்டுக்கொள்கிறேன்.

உன்னோடு பேசாத,
எர்மினியா

*

கிஸிம்மி, ஆகஸ்ட் 28

என் அக்காவுக்கு,

ஆசி கொடுங்கள், அக்கா.

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேல் வீட்டுக்காரி மயக்கம் என்று தண்ணீர் கொண்டுவந்தாள். நான் சுகம். ஹோட்டலில் அதே சலவை வேலை. சர்க்கரை கொஞ்சம் தொந்தரவு கொடுக்கிறது, அதை விடுங்கள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? உங்கள் சின்னவன் எட்கார்டோ எப்படி இருக்கிறான்? கோவாமோவில் ரொட்டிக்கடையில்தானே இருக்கிறான்? பிள்ளைகள் எத்தனை?

யாரிசெலிடம் சொல்லுங்கள், தப்பு அவள் ஓட்டுவதில் இல்லை. அந்தக் கடைக்காரன் பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும் என்று சொல்லியிருப்பான். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நடப்பது வேறு. பெரிய சக்கரம் உள்ளே நுழைய வேண்டுமென்று டயரை மெல்லியதாகப் போடுவார்கள். மொத்த உயரம் பழையபடிதான். ரப்பர் இருந்த இடத்தில் உலோகம் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சின்ன வயதில் ஆற்றிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவருவோமே. மாரோடு அணைத்துத் தூக்கினால் ஒரு கனம். கையை நீட்டிப் பிடித்தால் அதே வாளி தோளைப் பிடுங்கும். சக்கரத்தின் ஓரத்தில் எடை ஏறினால் எஞ்சினுக்கு அந்தப் பாடு. கிளம்பும்போது சுழற்றவும் கஷ்டம், பிரேக் போடும்போது நிறுத்தவும் கஷ்டம். வளைவில் நல்லது, மெல்லிய டயர் சாயாது, ஸ்டியரிங் சொன்னதைக் கேட்கும். ஆனால் சலினாஸ் பாதையில் வளைவு எங்கே இருக்கிறது? கால் மைலும் நேர்கோடு.

எட்கார்டோவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப் பிடித்த,
எவாரிஸ்டோ

*

சலினாஸ், செப்டம்பர் 8

எவாரிஸ்டோவுக்கு,

எல்லோரும் சுகம். ஒத்தடம் கொடுக்கிறேன். சர்க்கரை என்று எழுதிவிட்டு விடுங்கள் என்றால் எப்படி விடுவது? இனிப்பு ரொட்டியை நிறுத்து.

ஆசி கேட்டிருக்கிறாய். அது வாயால் கொடுப்பது. காகிதத்தில் எழுதிக் கொடுப்பதில்லை.

நீ எழுதியதை யாரிசெலுக்குப் படித்துக் காட்டினேன். முகம் சுருங்கிப்போயிற்று.

"சின்ன தாத்தா சொல்றது சரிதான் பாட்டி. எனக்கே தெரியுது, கிளம்பறப்போ கார் தூங்கி எழுந்துக்கற மாதிரி இருக்கு. ஆனா இதைக் கழட்டிட்டுக் கடையில விக்கற ஏதோ ஒரு சின்ன வீலைப் போட்டா மொட்டையடிச்ச மாதிரி இருக்கும்."

"மொட்டைத் தலைக்காரன் எல்லாம் ஓடலையா?"

"நீங்க ஒரு தடவை உக்காந்து வாங்க, அப்புறம் பேசுங்க."

உட்கார்ந்து போனேன், பொன்ஸே வரைக்கும். ஒன்று ஒத்துக்கொள்கிறேன். கடலோர வளைவில் கார் கயிறு பிடித்த மாதிரி திரும்பியது. கைகாட்டி மரத்தடியில் டோமினோ ஆடுகிற கிழவர்கள் எல்லோரும் கட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். எழுபத்தைந்து வயசில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நான் கண்ணாடியை இறக்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் பாலம் வந்தது. பாலத்துக்கு முன்னால் அரசாங்கம் வளர்க்கிற குழி உனக்குத் தெரியும். பழைய டயர் தலையணை மாதிரி வாங்கிக்கொள்ளும். இது வாங்கவில்லை. என் மேல் பல் செட்டு கழன்று மடியில் விழுந்தது.

"பாட்டி, அடி பட்டுச்சா?"

"பல்லு கிடைக்கட்டும், அப்புறம் பதில் சொல்றேன்."

இறங்கிப் பார்த்தால் சக்கரத்தின் ஓரம் ஒரு இடத்தில் வளைந்திருக்கிறது. பிள்ளை குத்துக்கால் போட்டு உட்கார்ந்து அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. அப்பனும் அப்படித்தான்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. யாருக்கு விற்றாய் என்றல்லவா கேட்டேன். எட்கார்டோவை எதற்கு இரண்டு முறை கேட்டிருக்கிறாய்? விசாரிக்க உனக்கு வேறு ஆளே இல்லையா? அவன் நன்றாக இருக்கிறான். மூன்று பிள்ளைகள். சனிக்கிழமைதோறும் சூடான ரொட்டியோடு வந்து என் மேஜையில் சாப்பிட்டுவிட்டுப் போகிறான்.

பதிலை எதிர்பார்க்கும்,
எர்மினியா

*

கிஸிம்மி, செப்டம்பர் 27

என் அக்காவுக்கு,

ஆசி கொடுங்கள்.

பல் செட்டைப் படித்துவிட்டுச் சலவை அறையில் தனியாகச் சிரித்தேன். மன்னியுங்கள். இனிப்பு ரொட்டியை நிறுத்திவிட்டேன். எட்கார்டோ சனிக்கிழமை தவறாமல் வருகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நிறைய முறை படித்தேன்.

யாரிசெல் நம்பவில்லையென்றால் புதுச் சக்கரம் ஒன்றைக் கழற்றித் தராசில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த ஓரத்தோடு வேகமாக ஓட்ட வேண்டாம்; மெல்லிய டயரில் அந்த இடத்தில் காற்று இறங்கும். முதலில் தட்டி நேராக்கச் சொல்லுங்கள். அதற்குத் தெரிந்தவர்கள் குவாயாமாவில் உண்டு.

பழைய சக்கரங்களை நான் விற்கவில்லை, அக்கா.

உங்கள்,
எவாரிஸ்டோ

*

சலினாஸ், அக்டோபர் 10

எவாரிஸ்டோவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு. எனக்குத் திட்டுவதற்கு ஆள் வேண்டும்.

வாழைக்காய்க்காரனின் தொங்கு தராசில் சக்கரத்தை மாட்டினோம். "என்ன எர்மினியாம்மா, இந்த வருஷம் இதுதான் விளைஞ்சுதா?" என்று கேட்டான். ஐம்பத்திரண்டு பவுண்டு. பழைய சக்கரம் ஒன்றை நானே ஒரு கையால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு முற்றம் பெருக்கியிருக்கிறேன். யாரிசெல் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நாலு வீல்லயும் சேர்த்தா ஒரு சின்னப் பையனைத் தூக்கிக்கிட்டு ஓடறேன் பாட்டி" என்றாள்.

விற்கவில்லை என்று எழுதினாயே, விற்காவிட்டால் எங்கே? தின்றாயா? அந்த மாலை நடந்ததை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை, கேள்.

ஒன்பதாம் நாள். முன் அறையில் இருபத்தாறு பேர். என் பெரிய நாத்தனார் துக்க வீட்டுக்குச் சிவப்பு வளையல் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அதுவும் கணக்கில் இருக்கிறது. தெருவில் எல்லா வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள், பக்கத்து வீட்டு க்ருசிட்டா ஒருத்தியைத் தவிர. அவள் என் கறிப்பலாக் கிளையை, நான் பெரிய வெள்ளி ஊர்வலத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, காயோடு வெட்டியவள். அவள் என் வாசலை மிதிக்கக்கூடாது, நான் அவள் வாசலை மிதிக்கமாட்டேன்.

கடைசி மன்றாட்டில் நீ அறையில் இல்லை. சொந்த அக்கா மகனுக்குச் சொல்லும் கடைசி ஜெபத்தில் இல்லை. எட்கார்டோவும் பாதியில் எழுந்து போனான். பத்தொன்பது வயசு, அண்ணன் போன துக்கம், அவனை விட்டுவிட்டேன். தெருமுனையில் அவன் சேக்காளிகள் மூன்று கார்களை மரியாதை இல்லாமல் உறுமவிட்டுக்கொண்டிருந்தார்கள். காபியும் பிஸ்கட்டும் கொடுக்க வெளியே வந்தால், நோயெலின் கார் கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. நீ கையில் கிரீஸோடு நிற்கிறாய். "நான்தான் எடுத்தேன். எனக்கு வேணும்" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். எல்லோரும் உன்னைத் திட்டினார்கள். எட்கார்டோ மட்டும் கார்ச் சாவியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றான், பாவம். மறுநாள் நீ விமானம் ஏறிவிட்டாய்.

காலையில் என் சமையல் மேஜையில் ஒரு காபி டப்பா. அதற்குள் சக்கரத்து நட்டுகள் இருபதும், துடைத்து எண்ணெய் போட்டு. திருடினவன் நட்டை ஏன் விட்டுவிட்டுப் போவான் என்று பதினொரு வருஷமாக யோசிக்கிறேன். டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது.

எங்கே வைத்தாய்?

எர்மினியா

*

சலினாஸ், நவம்பர் 12

எவாரிஸ்டோவுக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. உன் கடிதம் இல்லை. நான் போன கடிதத்தில் கொஞ்சம் காரமாக எழுதியிருக்கலாம். உண்மையைத்தான் எழுதினேன்.

பல் டாக்டர் வந்திருந்தான். வெள்ளை ஷூ. காரைச் சுற்றி வந்து, புதுச் சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்து, "இதுக்காகத்தான் வாங்கறேன்" என்றான். பின் கண்ணாடியைக் காட்டி, "இந்தக் கிறுக்கலைத் துடைச்சுக் குடுத்துடுங்க" என்றான். நான் அவன் கையிலிருந்த காபியை அவன் குடித்து முடிப்பதற்குள் வாங்கிக்கொண்டேன்.

பந்தயம் டிசம்பர் 15. அதுவரை பொறுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

போனில் இரண்டு முறை உன் எண்ணைச் சுற்றினேன். நீ எடுத்திருந்தால் வைத்திருப்பேன். நீ எடுக்கவில்லை. சுகமாக இருக்கிறாயா? ஒரு வரி போடு. சக்கரத்தைப் பற்றி எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

எர்மினியா

*

கிஸிம்மி, நவம்பர் 20

என் அக்காவுக்கு,

ஆசி கொடுங்கள்.

பயப்பட வேண்டாம். ஆஸ்பத்திரியில் இருந்தேன். சர்க்கரையால் இடது காலில் சுண்டுவிரல் போய்விட்டது. மற்றதெல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. மேல் வீட்டுக்காரி உங்கள் இரண்டு கடிதங்களையும் கொண்டுவந்து கொடுத்தாள். பரவாயில்லை என்று நீங்கள் எழுதி நான் பார்த்ததே இல்லை. அது மருந்தைவிட வேலை செய்தது.

படுத்துக்கொண்டே யோசித்தேன். அந்தப் பிள்ளை காரை விற்கும்படி விட்டுவிட்டு நான் எதைக் காப்பாற்றுகிறேன்? சக்கரங்கள் சலினாஸை விட்டு எங்கும் போகவில்லை, அக்கா. உங்கள் வேலிக்கு அந்தப் பக்கம், க்ருசிட்டா வீட்டில் இருக்கின்றன. அன்று தெருவில் ஆள் இருந்த வீடு அது ஒன்றுதான். நீங்கள் ஒருபோதும் போகமாட்டீர்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த வீடும் அது ஒன்றுதான்.

போய் வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்று அவளிடம் கேட்காதீர்கள். என்னிடமும் கேட்காதீர்கள். நான் எடுத்தேன், எனக்கு வேண்டியிருந்தது. அதுவே இருக்கட்டும்.

உங்கள்,
எவாரிஸ்டோ

*

சலினாஸ், டிசம்பர் 1

எவாரிஸ்டோ,

விரலைப் பற்றி மேல் வீட்டுக்காரி எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். அவளையும் கணக்கில் வைத்துக்கொள்கிறேன். காலைத் தொங்கவிடாமல் தூக்கி வைத்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று படுத்துவிட்டேன். மூன்றாம் நாள்தான் தலை வாரி, நல்ல ஷூ போட்டுக்கொண்டு, க்ருசிட்டா வீட்டுக் கதவைத் தட்டினேன். முப்பது வருஷம். அவளுக்கும் முடி என்னைப் போலவே கொட்டிப்போயிருக்கிறது. அதைப் பார்க்கக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"ஏண்டி, வழி தவறி வந்துட்டியா?" என்றாள்.

"காலை வணக்கம் சொல்ல வந்தேன்."

"முப்பது வருஷத்துக்கும் சேர்த்தா, இன்னிக்கு மட்டுமா?"

"இன்னிக்கு மட்டும்தான். என் சக்கரம் எங்க?"

உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். மூலையில் அன்னை மரியாள் சுரூபம். கீழே பின்னல் துணி விரித்த வட்ட மேஜை. பூவையும் மெழுகுவத்தியையும் எடுத்து வைத்துவிட்டுத் துணியைத் தூக்கினாள். மேஜை இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு சக்கரங்கள், மேலே ஒரு பலகை. பதினொரு வருஷமாக அவள் என் மகன் சக்கரத்தின் மேல் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறாள், நான் வேலிக்கு இந்தப் பக்கம் அவளைச் சபித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் என்று கேட்காதே என்றாய். நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"உன் சின்னவன் அன்னிக்கு என் வேலியோரம்தான் நின்னான். குடிச்சிருந்தான். ஜெபம் முடிஞ்சதும் அண்ணன் காரை எடுத்துக்கிட்டு ஹைவேயில அந்த மூணு பசங்களோட ஓட்டப் போறேன்னான். மெதுவா ஓட்டப் போறதில்ல, திரும்பி வரப் போறதும் இல்லன்னான். நான் என்ன செய்வேன், உன் வீட்டுக்குள்ள வர முடியுமா? உன் தம்பியை ஜன்னல் வழியா சைகை காட்டிக் கூப்பிட்டேன்."

"சாவியைப் பிடுங்கியிருக்கலாமே?"

"பிடுங்கினா கம்பியைச் சேர்த்துக் கிளப்பியிருப்பான். அவன் அண்ணன் கத்துக் குடுத்திருந்தான். சக்கரம் இல்லாத கார் எங்கடி போகும்? நீங்க மன்றாட்டு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. உன் தம்பி ஒண்ணொண்ணா வேலிக்கு மேல குடுத்தான், நான் வாங்கி உருட்டினேன். என் இடுப்பு போனது அன்னிக்குத்தான்."

நான் அந்த வீட்டிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று கார்கள் உறுமினது, சாவி, தலை குனிந்து நின்றது, திட்டாமல் இருந்தது எல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றுகூட மறக்கவில்லை. சேர்த்துத்தான் பார்க்கவில்லை.

க்ருசிட்டா காபி கொடுத்தாள். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

எட்கார்டோவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வருகிற சனிக்கிழமை வருவான்.

எர்மினியா

*

கிஸிம்மி, டிசம்பர் 5

அக்கா,

ஆசி கொடுங்கள். இதை வேகத் தபாலில் அனுப்புகிறேன். சனிக்கிழமைக்கு முன்பு கிடைக்க வேண்டும்.

அவனைக் கேட்காதீர்கள். அவன் அன்று மறுநாளே, விமான நிலையத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்று அழுதான். ஒரு பிள்ளையைப் புதைத்த ஒன்பதாம் நாள் இன்னொரு பிள்ளை அப்படி நினைத்தான் என்று தெரிந்திருந்தால், நீங்கள் அவனை விட்டுக்கொடுத்திருக்கமாட்டீர்கள். ஆனால் மறந்திருக்கவும்மாட்டீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். உங்கள் கோபத்தை யாராவது ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்குக் கையில் விமான டிக்கெட் இருந்தது. அவன் உங்கள் மேஜையில் சாப்பிட வேண்டியவன்.

வேலை விஷயம்: பழைய டயர்களை ஓட்டாதீர்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பதினொரு வருஷ ரப்பர் வேகத்தில் கிழியும். சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டு புது டயர் போடுங்கள். நட்டுகளை வரிசையாக இறுக்கக்கூடாது. எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக. பெரிய சக்கரங்களை விற்க வேண்டாம். மூன்று ராஜாக்கள் திருநாள் ஊர்வலத்துக்கு அதைப் போட்டுக்கொள்ளட்டும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஜோடி செருப்பு இருக்கலாம்.

உங்கள்,
எவாரிஸ்டோ

*

சலினாஸ், டிசம்பர் 17

தம்பி எவாரிஸ்டோ,

இங்கே எல்லோரும் சுகம். நிஜமாகவே சுகம். உன் கால் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். தினம் ஜெபத்தில் உன் சுண்டுவிரலையும் சேர்த்துச் சொல்கிறேன், போன விரலுக்கும் சேர்த்து.

உன் கடிதம் சனிக்கிழமை காலையில் வந்தது. பத்து மணிக்கு எட்கார்டோ ரொட்டியோடு வந்தான், மூன்று பிள்ளைகளும் பின்னால். சக்கரங்கள் முற்றத்தில் இருந்தன. நீ எழுதுவதற்கு முன்பே யாரிசெல் புது டயர் போட்டுவிட்டாள். அவன் ரொட்டிப் பையைப் பிடித்தபடியே நின்றுவிட்டான். நான் அலமாரியிலிருந்து அந்தக் காபி டப்பாவை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தேன்.

"எதிரெதிரா இறுக்கணுமாம். உன் மாமா எழுதியிருக்கான்" என்றேன்.

அவன் டப்பாவைத் திறந்தான். ஒரு நட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "அம்மா" என்றான். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை. என் ஆயுசில் ஆரம்பிக்காமலே விட்ட ஒரே கோபம் அதுதான். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யாரிசெலுக்கு ஸ்பானர் பிடிப்பதைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கடைசிப் பிள்ளை புதுச் சக்கரத்தின் பளபளப்பில் நாக்கை நீட்டித் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் பிள்ளைகள் மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

பந்தயத்துக்கு க்ருசிட்டாவும் வந்தாள். சக்கரத்தின் மேல் தனக்கும் உரிமை உண்டாம். வழி முழுக்கக் கறிப்பலாக் கிளையைப் பற்றிச் சண்டை போட்டோம். கிளை அவள் பக்கம் இருந்தது என்று இன்னும் சாதிக்கிறாள். அதை நான் விடப்போவதில்லை.

சின்னச் சக்கரத்தில் கார் என்னவோ தவழ்கிற குழந்தை மாதிரிதான் இருந்தது. பக்கத்துக் கோட்டில் நின்ற பையன், "என்ன, வீல் அடகுக்குப் போயிடுச்சா?" என்று கேட்டான். யாரிசெல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். விளக்கு பச்சையானதும், தம்பி, அந்தக் கார் தூங்கி எழுந்துகொள்ளவில்லை. ஏற்கெனவே விழித்திருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எட்கார்டோ என் கையைப் பிடித்திருந்தான், எலும்பு நோகிற மாதிரி.

பலகையில் 13.95 என்று வந்தது. மயிரிழைதான். யாரிசெல் இறங்கி வந்து பின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் அப்பாதான் முன்னாடி இருக்கார் பாட்டி."

"அதுக்கு?"

"அதுக்கு என்ன. அடுத்த வருஷமும் வரணும்."

பல் டாக்டர் பெரிய சக்கரத்தை மட்டுமாவது கொடுங்கள் என்றான். திருநாள் ஊர்வலத்துக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டாள். க்ருசிட்டா அவன் வெள்ளை ஷூவைப் பார்த்து, "தம்பி, அந்த பாலிஷ் என்ன விலை? நம்பர் எழுத வேணும்" என்றாள். 13.9க்குக் கீழே யாரிசெல் தன் நம்பரை எழுதியிருக்கிறாள். இரண்டையும் துடைக்க நான் யாரையும் விடப்போவதில்லை.

ஆக, அந்த நாலு சக்கரமும் அந்தக் காருக்கு அடியில் மறுபடி ஓடிவிட்டன. தெருவே கேட்க நான் சொன்ன வார்த்தையும் அன்றோடு முடிந்தது.

துவரைச் சோறும், வாழை இலையில் கட்டிய பலகாரமும் செய்யப்போகிறேன். நடக்க முடிந்ததும் வா. உன் பங்கை க்ருசிட்டா வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருப்போம், என்னுடையது நிறைந்துவிட்டது. எட்கார்டோ டிக்கெட் எடுக்கிறேன் என்கிறான். மறுக்காதே. அவனுக்கு அதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

கிறிஸ்துமஸ் காலையில் பூசை முடிந்து வந்ததும் உன் போன் அடிக்கும். நான்தான். வைக்கமாட்டேன். உடம்பு எப்படி, வானம் எப்படி என்று தொடங்காதே. ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியில் கேட்டாயே, அதைக் கேள். வாயால் கொடுப்பதை வாயால் கொடுக்கிறேன்.

உன் அக்கா,
எர்மினியா